இரண்டாம் தரம் கேட்காத தேத்தண்ணீர்

மொறீன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று என் தலையில் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

பின்னேரம் நாலரை மணி இருக்கும். வெளியே தூறல். பழைய பாவாடையும் என் கணவருடைய பழைய சேட்டுமாக, தலை முழுகலாமா வேண்டாமா என்று யோசித்தபடி குசினியில் நின்றேன். மணி அடித்தது. பார்சல் கொண்டுவருகிறவர் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், குடையைச் சுருக்கிக்கொண்டு மொறீன் நிற்கிறார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு எதிர்க் கதிரையில் இருப்பவர் அவர். இரண்டு வருடமாக முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை, நானும் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று திகைத்துப்போனேன். கிறிஸ்மஸ் அட்டை அனுப்பும் பட்டியலில் முகவரி இருந்ததாம்.

என் கோலத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உள்ளே இருந்தது. குசினி மேசையில் ஒரு கடித உறை கிடந்தது. அதற்குள் என் ராஜினாமாக் கடிதம். மேலே பள்ளிக்கூடத்தின் பெயரை என் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

"உள்ளுக்கு வாங்கோ" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. மொறீன் வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினார்.

ஏன் கடையை விட்டாய்?

போன கிழமை இந்தப் பத்தியில், ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடையில் நான் வேலைசெய்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இவ்வளவு கலகலப்பான இடத்தை விட்டு ஏன் போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பெருமைதான் காரணம். மறைக்க என்ன இருக்கிறது? நான் ஊரில் ஏ.எல்., பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு வரை, படித்தவள். கந்தோரில் கதிரையில் இருந்து வேலைசெய்ய வேண்டும் என்பது என் ஆசை. முருங்கைக்காயை நிறுத்துக் கட்டிக்கொடுக்கும்போதெல்லாம், இது எனக்கான இடம் இல்லை என்று ஒரு முணுமுணுப்பு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னேர வகுப்புக்குப் போய் ஆங்கிலத்தைத் தீட்டினேன். பள்ளிக்கூட அலுவலக வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முதல் நாள் ரயில் ஏறியபோது, அதைக் கோட்டுக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டதை இவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் கடையில் இருந்த ஒன்று அங்கே இருக்கவில்லை. கடையில் பதினொரு மணி ஆனால் இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்ரீ கைக்கு வந்துவிடும். வேண்டுமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வந்துவிடும், அவ்வளவுதான். குடித்தபடியே முதலாளி அண்ணையின் மருமகள் சண்டை முதல் வீசா கிடைக்காத யாரோ ஒருவரின் கதை வரை எல்லாம் பேசி முடித்துவிடுவோம். கிழமைக்கு ஆறு நாளும் வாய் மூடாமல் இருந்தவள் நான்.

வராதவர்களைத் தேடும் வேலை

பள்ளிக்கூடத்தில் என் வேலை வருகைப் பதிவு. காலையில் வகுப்புகளில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வராத பிள்ளைகளின் பட்டியல் என் கணினிக்கு வரும். ஒன்பதேகாலுக்குப் போனை எடுத்தேன் என்றால் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடவேண்டும். பிள்ளை ஏன் வரவில்லை, எல்லாம் சரியா? இதுதான் கேள்வி. நான் லீவு எடுத்தால் வேறு யாராவது செய்ய வசதியாக, என்ன சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு எடுத்தால் கூத்துத்தான். முதலில் ஆங்கிலத்தில் "பீவர்" என்பார்கள். என் பெயரைச் சொன்னதும், "ஐயோ அக்கா, தமிழோ? உண்மையைச் சொல்லுறன், கனடாவில ஒரு கலியாணம்" என்று கொட்டிவிடுவார்கள். காய்ச்சல் என்று எழுதுவதா, கலியாணம் என்று எழுதுவதா என்று நான் தலையைச் சொறிவேன்.

ஒருநாள் ஒரு தாய், மகனின் வயிற்றுக்குத்தைச் சொல்லி முடித்த கையோடு, "அக்கா, உங்கட குரல் அடைச்சுக்கிடக்கு. சுகமில்லையோ?" என்று கேட்டார். சுகம்தான் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அது மற்றவர்களோடு பேசாமல் அடைத்துப்போன குரல். அந்தக் கிழமை முழுவதும் என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள், முகம் தெரியாத அந்தப் பெண்தான்.

வீட்டிலும் அதே கதைதான். மகள் மான்செஸ்டருக்குப் படிக்கப் போய்விட்டாள். இவர் பஸ் ஓட்டுகிறவர். அவர் வரும்போது நான் வேலையில் இருப்பேன், நான் வரும்போது அவர் படுத்திருப்பார். மகளிடம் போனில் சொன்னால், "அம்மா, ஜஸ்ட் டோக் டு தெம்" என்பாள், நீங்களே போய்ப் பேசுங்கோ என்று. இவரிடம் சொன்னால், "உமக்கு ரோசம் கூடிப்போச்சு" என்பார். இரண்டுமே உண்மை என்பதால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வரும்.

பத்தரை மணி

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். பத்தரை மணிக்கு ஒருவர் எழும்பிக் கெட்டிலைப் போடுவார். "யாருக்கு ரீ?" என்று கேட்டு எல்லாருக்கும் அவரே ஊற்றிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நாளைக்கு இன்னொருவரின் முறை. இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த வழக்கம் இருக்கிறது. தேத்தண்ணீர் ஒரு சாட்டு. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள்.

முதல் நாள் மொறீன் என் மேசைக்கு வந்து கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, "வேண்டாம், தாங்க்ஸ்" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். இரண்டாம் தரம் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் கேட்கவில்லை. மற்ற மூவரும் அவரைப் பார்த்து அப்படியே நடந்துகொண்டார்கள். பத்தரைக்கு நாலு கோப்பைகள் ஆவி பறக்க என்னைத் தாண்டிப் போகும். நான் கணினியை இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பேன்.

நீங்களே போட்டுக் குடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி? கோப்பைகள் இருந்த அலுமாரி அவர்களுடையது. ஒருவர் சொல்லாமல் அவருடைய அலுமாரியைத் திறப்பது எங்களுக்குப் பழக்கமா? வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோனேன். மூடியில் ஊற்றி, சுவர்ப்பக்கம் திரும்பிக் குடிப்பேன்.

குரோய்டனில் ஒரு கிளாஸ் தண்ணீர்

இந்த "வேண்டாம்" என் வாயில் புதிதாக வந்தது அல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருக்கும் அந்தப் பெரிய கட்டடத்தில் என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்த அதிகாரி தொடங்குமுன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. நான் சொன்ன பதில், "வேண்டாம், பரவாயில்லை."

அதிகாரி தலையாட்டிவிட்டுத் தன் தாள்களைப் பிரித்தார். மூன்று மணித்தியாலம் கேள்விகள். இடையில் என் குரல் கரகரத்து நின்றது. இருமினேன். அவர் இரக்கத்தோடுதான் பார்த்தார். ஆனால் தண்ணீர் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே. வெளியே வந்து, டிராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அப்போதாவது புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்த அதிகாரியைக் கல்நெஞ்சக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்று அவரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடிதம்

ராஜினாமாக் கடிதம் எழுதவைத்தது ஒரு கோப்பைதான்.

தற்காலிக வேலைக்கு ஒரு பெண் வந்தாள். வந்து இரண்டாவது நாள், பத்தரை மணிக்கு அவளுடைய மேசையிலும் ஒரு கோப்பை வந்து இருந்தது. அவள் அதைக் கையால் அணைத்துக்கொண்டு மொறீனோடு பேசிச் சிரித்தாள். வந்து இரண்டு நாள். நான் வந்து இரண்டு வருடம்.

அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கடிதத்தை எழுதினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. சொந்தக் காரணங்கள் என்று மட்டும் எழுதினேன். வேறு வேலை தேடும் எண்ணமும் இருக்கவில்லை. இனி ஆட்களுக்கு நடுவே போவதில்லை, வீட்டோடு இருந்துவிடுவது என்ற முடிவு. இதை எழுதும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கதவைச் சாத்தியிருந்தால் நான் மறுபடி திறந்திருக்க மாட்டேன். என் ரோசம் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. போகவில்லை என்று சொல்லவும் இல்லை. வராதவர்களைத் தேடிப் போன் எடுக்கிறவள் வராவிட்டால் யார் எடுப்பார்கள் என்று ஒரு கசப்பான சிரிப்பு எனக்கு. போனைச் சத்தம் வராமல் செய்து மேசை லாச்சியில் போட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் சும்மா இருந்தேன். நாலரைக்கு மணி அடித்தது.

தட்டுக்குக் கீழே

மொறீனைக் குசினிக் கதிரையில் இருத்தி, "ரீ?" என்று கேட்டேன். வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார்.

அவர் சொல்லி முடிக்குமுன் பால் அடுப்பில் ஏறிவிட்டது. கை பழக்கத்துக்குச் செய்தது. அவருக்கு மூன்று கரண்டி சீனி, எனக்கு மூன்று கரண்டி. ஈஸ்ட் ஹாமில் வாங்கிய தட்டை வடை ஒரு பிளேட்டில். எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து, நேரே அந்தக் கடித உறையின் மேல் வைத்தேன்.

மொறீன் ஒரு வாய் குடித்தார். இனிப்பு அதிகம் போலிருக்கிறது, கண் கொஞ்சம் பெரிதானது. ஆனாலும் குடித்தார். வடையைக் கடித்தார். உறைப்பில் மூக்கு சிவந்தது. பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"நான் வேண்டாம் என்று சொன்னேனே?"

"ஓம், சொன்னீர்கள்."

"பிறகு ஏன் போட்டாய்?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. "முதல் தரம் கேட்டால் எல்லாரும் வேண்டாம் என்றுதானே சொல்லுவார்கள்? உடனே ஓம் என்று சொன்னால் அலைகிற மாதிரி இருக்கும். மூன்றாம் தரம் சொன்னால்தான் உண்மையாகவே வேண்டாம்."

மொறீன் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் இரண்டு வருடமும் பின்னோக்கி ஓடுவதை நான் பார்த்தேன்.

"முதல் நாள் நான் உன்னைக் கேட்டேன்" என்றார்.

"ஓம்."

"உனக்குக் குடிக்க விருப்பமாக இருந்ததா?"

"தொண்டை காய்ந்து கிடந்தது, மொறீன்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. எண்ணெய் வழிய அழுதேன். அவர் எழும்பி வந்து, எண்ணெயைப் பார்க்காமல் என் தலையைத் தன் கம்பளிச் சட்டையோடு அணைத்துக்கொண்டார்.

பிறகு அவருடைய பக்கத்துக் கதையைச் சொன்னார். வேண்டாம் என்ற ஒருவரைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவரைச் சங்கடப்படுத்துவது என்று அவரை வளர்த்திருக்கிறார்கள். மதக் காரணமாக இருக்கும் என்று முதலில் நினைத்தாராம். பிளாஸ்கைக் கண்டதும், ஏதோ மூலிகைக் கசாயம் என்று நினைத்தாராம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் குடிப்பதைப் பார்த்து, தனிமையை விரும்புகிறேன், தொந்தரவு செய்யக்கூடாது என்று மற்றவர்களுக்கும் சொல்லிவைத்தாராம். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து நாலு பேரும் இரண்டு வருடம் என்னிடமிருந்து விலகி நடந்திருக்கிறார்கள்.

கழுவ உதவுகிறேன் என்று மொறீன் தட்டைத் தூக்கினார். சிந்திய தேத்தண்ணீரில் உறை தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்தார். பல வருடம் அலுவலகத்தில் இருந்தவருக்கு அது என்ன கடிதம் என்று சொல்லவேண்டியதில்லை. கைத்துண்டால் உறையை ஒற்றித் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நாளைக்கும் கொடுக்கலாம். ஆனால் பதினொரு மணிக்கு முன் கொடுக்காதே."

அவர் போன பிறகு லாச்சியைத் திறந்து போனை எடுத்தேன். காலை ஒன்பதேகாலுக்கு ஒரு குரல் பதிவு இருந்தது. மொறீன், நான் ஒட்டிவைத்த தாளை அப்படியே வாசித்திருந்தார். பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தில் என் பெயர். "ரஞ்சினி இன்று வருகைப் பதிவில் இல்லை. எல்லாம் சரியா என்று அறிய அழைக்கிறோம்." அன்றைய பட்டியலில் முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் பிள்ளைகளின் வீடுகளுக்கு எடுத்திருக்கிறார். நூறு தரம் நான் சொன்ன வாசகம் அது. எனக்கு யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

அன்று மட்டும் பகல் வேலை முடித்து வந்த இவர், எண்ணெய்த் தலையோடு போனைக் காதில் வைத்து அழுதுகொண்டிருந்த என்னைக் கண்டு, "யார் செத்தது?" என்று பதறிவிட்டார். ஒருவரும் சாகவில்லை, தேத்தண்ணி விசயம் என்றேன். அவருக்கு விளங்கப்படுத்த வெகுநேரம் பிடித்தது.

அந்த உறை, தேத்தண்ணீர்க் கறையோடு, இன்றும் என் பாஸ்போட்டுக்குள் இருக்கிறது. பிரிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அலுமாரிக் கதவு

மறுநாள் பத்தரை மணிக்கு மொறீன் எழும்பினார். மற்றவர்களைக் கேட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார். தட்டச்சுச் சத்தம் நின்றது. எல்லாருக்கும் விசயம் தெரிந்திருக்கிறது.

"ரீ?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம், தாங்க்ஸ்" என்று வந்தது. பழக்கம் என்னை விடவில்லை.

மொறீன் நகரவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லாமல் இரண்டாம் தரம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் தரமும் கேட்டார். ஓம் என்றேன். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில், பின்னுக்கு, ஒரு நீலக் கோப்பை. அதில் என் பெயரின் முதல் எழுத்து. அடியில் கடையின் ஒட்டுத்தாள் இன்னும் உரியாமல் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் மொறீன் ஒரு கோப்பை வாங்கிவைப்பாராம். நான் வேலையில் சேர்வதற்கு முதல் கிழமையே வாங்கியது அது. வேண்டாம் என்றவளிடம் அதைக் கொண்டுவந்து நீட்டினால் வற்புறுத்துவதுபோல் ஆகிவிடும் என்று, உள்ளே வைத்துவிட்டார். தூசு படியாமல் ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னும் கழுவித் திரும்ப வைத்திருக்கிறார்.

கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள். யாருக்கு எப்படி ரீ என்ற பட்டியல். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களை வெட்டியிருந்தார்கள். தாள் பழுதாகும்போது புதிதாக எழுதுவாராம், இது மூன்றாவது தாளாம். ஒவ்வொரு தாளிலும் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் எல்லாருடைய வருகையையும் பதிகிறவள் நான். என்னை ஒருவரும் பதியவில்லை என்று இரண்டு வருடம் அழுதிருக்கிறேன். இங்கே ஒருவர் என் பெயரை ஒரு தரமும் வெட்டாமல், எனக்கான இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அந்த நன்றியை எந்த மொழியில் சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மொறீன் பேனையை நீட்டினார். என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன்: பால், இரண்டு சீனி.

அவர் பேனையைத் திரும்ப வாங்கினார். இரண்டை வெட்டினார். மூன்று என்று எழுதினார்.

"உன் வீட்டில் பார்த்தேன்" என்றார்.